எந்த இடத்தில் நெளிந்தாய்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குறிப்புகளை எல்லாம் படித்தேன். படம் பார்த்துவிட்டு வந்த இரவே, நண்பர்களிடம் பேசுகிற தோரணையிலேயே எழுதியிருக்கிறாய். அதை மட்டும் மாற்றிக்கொள்ளாதே. கனமான கட்டுரைகள் நாலைப் படித்துவிட்டு 'கதையாடல்', 'காட்சிமொழி' என்று நீயும் கிளம்பிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். தமிழில் நல்ல விமர்சனம் பெரும்பாலும் அரட்டைக் குரலில்தான் வந்திருக்கிறது. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைத் தேடிப் பிடித்துப் படி. கிண்டல், செல்லக் கோபம், பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றிய புலம்பல் எல்லாம் இருக்கும். கச்சேரியும் இருக்கும்.

உன் குறிப்புகளில் அந்தக் கச்சேரிதான் இல்லை. தீர்ப்பு இருக்கிறது, படத்தைக் காணோம். மெய்யழகன் படத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய்? 'ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் லேக், ஒன் டைம் வாட்ச்.' இந்த வரியைக் கிழித்து வேறு எந்தப் படத்தின் மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். படம் பார்க்காதவன்கூட இதை எழுதிவிடலாம். அப்புறம் நீ எதற்கு டிக்கெட் எடுத்தாய்?

2024 செப்டம்பர் 27 அன்று வெளியானபோது அந்தப் படம் 177 நிமிடம் ஓடியது. நீளம், நீளம் என்று எல்லோரும் சொல்லவே, சில நாட்களில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். நீளம்தான். ஆனால் கதையை நினைத்துப் பார். 1996இல் தஞ்சாவூர் வீட்டைப் பறிகொடுத்துச் சென்னைக்குப் போன அருள்மொழி, 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் அவனை 'அத்தான், அத்தான்' என்று கொண்டாடுகிறான். அவன் பெயர் இவனுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். பெயர் தெரியாத ஒருவன் வீட்டில் சாப்பிட்டு, அவனோடு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கூச்சம் மணிக்கு மணி ஏறுமா, இறங்குமா? அந்த ஏற்றத்துக்கு நேரம் வேண்டும். இயக்குநர் பிரேம்குமார் கேட்ட நேரத்தில் பெரும்பகுதி நியாயமானது என்பது என் கட்சி. அந்த 'அத்தான்'காரனாக வரும் கார்த்தி பழம்பெருமை பேசத் தொடங்கும் சில இடங்களில் நானும் நாற்காலியில் நெளிந்தேன். உன்னிடம் நான் கேட்பதும் இதைத்தான்: நீ எந்த இடத்தில் நெளிந்தாய்? எந்தக் காட்சியில் கை செல்போனைத் தேடியது? அதைச் சொல். 'லேக்' என்பதோடு யாரும் வாதாட முடியாது. 'இந்தக் காட்சி' என்று நீ சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அந்தச் சண்டைக்காகத்தான் நாம் எழுதுகிறோம்.

குறிப்பாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அதே வருடம் நவம்பர் 14 அன்று கங்குவா படம் வந்தது. மொக்கை என்று ஆயிரம் பேர் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. 'சத்தம் தாங்கவில்லை, காது வலிக்கிறது' என்றும் சிலர் சொன்னார்கள். உடனே ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளர் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். தலைவலியோடு வெளியே வந்தவர்கள் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்கு இருந்த மதிப்பு அவ்வளவு.

அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றது தயாரிப்பாளர் சங்கம். முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. சரியான முடிவு. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூன்று நாள் கட்டிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியவுடன் அவசர அவசரமாக உதிர்கிற தீர்ப்பைக் கேட்கும்போதெல்லாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பேசியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். நீயும் ஓர் இரவு தூங்கிவிட்டு எழுது. காலையிலும் எது நினைவில் நிற்கிறதோ அதுதான் உன் படம்.

மதிப்பெண் போடலாமா என்று கேட்டிருந்தாய். '16 வயதினிலே'வுக்கு விகடன் கொடுத்த 62.5ஐ இன்றைக்கும் ஆட்கள் சொல்கிறார்கள். அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. அப்புறம் உன் இஷ்டம்.

கொட்டுக்காளிக்கு 'அவார்டு படம், பொறுமை வேணும்' என்று முடித்துவிட்டாய். அது வாழை படத்தோடு ஒரே நாளில், 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது. ஒன்று நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற படம். இன்னொன்று தள்ளி நின்று பார்க்கிற படம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் எழுதவேண்டிய கட்டுரை எவ்வளவு இருந்தது! வினோத்ராஜ் இயக்கிய கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. எல்லா விமர்சனத்திலும் இந்தத் தகவல் இருந்தது. இசை இல்லாத இடத்தில் என்ன கேட்டது என்று எழுதியவர்கள் குறைவு. ஆட்டோ இரைகிறது, கட்டிப்போட்ட சேவல் படபடக்கிறது, சூரியின் தொண்டை கமறுகிறது. அன்னா பென் பேசாமல் உட்கார்ந்திருப்பது இத்தனைக்கும் நடுவில்தான் கனக்கிறது. வழியை மறித்து நிற்கும் காளையிடம் அத்தனை ஆண்களும் தடுமாற, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். இந்த ஒரு காட்சியை விவரித்திருந்தால் போதும், பொறுமை வேண்டுமா வேண்டாமா என்பதைப் படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

வெப் சீரிஸுக்கு வருகிறேன். எப்படிப் பார்த்தாய் என்பதையும் எழுது. நெட்ஃபிளிக்ஸிலேயே 2020 முதல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்ட முடிகிறது. பஸ்ஸில் செல்போனில் அப்படி ஓட்டிப் பார்த்திருந்தால் அப்படியே பார்த்ததாகச் சொல், தப்பில்லை. 'சுழல்' முதல் பருவத்தின் எட்டு அத்தியாயங்களையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, 'மயானக் கொள்ளை சீன்களைக் குறைத்திருக்கலாம்' என்கிறாய். காணாமல் போன பெண்ணைத் தேடும் விசாரணையும் அந்தத் திருவிழாவும் கையைக் கோத்துக்கொண்டு நகர்கிற கதை அது. வேஷம் கட்டிய கூட்டத்தில் யார் யாரென்று தெரியாத ஊர் என்பதுதான் அதன் முதுகெலும்பு. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஒரு சாதாரண போலீஸ் கதை. 'அயலி'யைப் பற்றி நீ எழுதியது பரவாயில்லை. வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்கூடம் போகும் தமிழ்ச்செல்வியைவிட, அவளுடைய அம்மாவாக வரும் அனுமோளைக் கவனித்திருக்கிறாய். அது உன் கண். அதை நம்பு.

மகாராஜா மாதிரிப் படத்தில் எதை மறைக்கவேண்டும் என்று உனக்கே தெரிந்திருக்கிறது, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. சிறப்புக் காட்சிக்குக் கூப்பிட்டால் போ. பணம் வாங்கினால் மட்டும் விமர்சனம் என்று பெயர் போடாதே.

இன்னொரு விஷயம். உன் குறிப்புகளில் சீரியல் ஒன்றுகூட இல்லை. ஏன், அது நம் வீடுகளில் ஓடவில்லையா? திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' 2022இலிருந்து 2024 வரை ஓடியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று இறந்துபோனார். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அந்த மாதங்களில் எந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் நடிப்பு விமர்சனம்தான். 'அவர் சிரித்துக்கொண்டே மிரட்டுவார், இவர் முறைத்துத்தான் மிரட்டுகிறார்' என்று என் அக்கா சொன்னாள். ஒரே பாத்திரத்தை இரண்டு நடிகர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை ஒரே வரியில் பிடித்துவிட்டாள். பத்திரிகைகளில் நட்சத்திரம் போடுகிற பலருக்கு இது வராது. மாரிமுத்து 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கியவர். ஆனால் ஊர் அவரைக் கொண்டாடியது இந்தச் சீரியலால்தான்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். இப்போது உங்கள் வீட்டில் ஓடுகிற சீரியல் எதுவோ, அதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் பார். கேலி செய்யாமல் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. அம்மா சொன்னதை அம்மா சொன்னதாகவே போடு.

அன்புடன்,
அண்ணன்