தம்பி தேறுவானா? ஓர் இளம் காற்பந்து விளையாட்டாளரை எடைபோடும் முறை

கடந்த விடுமுறையில் பிரிஞ்சாங்கில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் பருவம் படிக்கும் என் தம்பிக்கு வயது 19. சமவெளியில் உள்ள ஒரு காற்பந்துக் குழு அவனைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்திருந்தது. படிப்பை ஒத்திவைத்துவிட்டுப் போக வேண்டும் என்றான் அவன். அம்மா அழுதார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாக உழைக்கும் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, நீ கணக்குப் படிக்கிற. இவன் தேறுவானா, மாட்டானா? அத மட்டும் சொல்லு.”

புள்ளியியல் மாணவியான என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. நம் பேரவை நண்பர்கள் பலருக்கும் இப்படி ஒரு தம்பியோ அண்ணனோ இருக்கக்கூடும். அவர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

1. வல்லுநர்களும் தவறுவர்

ஓர் இளைஞரின் விளையாட்டு எதிர்காலத்தைக் கணிக்க உலகிலேயே அதிகப் பணம் செலவிடும் நாடு அமெரிக்கா எனலாம். அங்குள்ள அமெரிக்கக் காற்பந்தில் ‘குவார்ட்டர்பேக்’ என்பவரே அணியின் மூளை. பந்தை யாருக்கு எறிவது என்பதை ஓரிரு நொடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. உயரம், ஓட்ட வேகம், எறியும் திறன் என எல்லாவற்றையும் அளந்த பிறகே தேர்வு நடக்கிறது.

அப்படியிருந்தும் 1998இல் இரண்டாவதாகத் தேர்வான ரயன் லீஃப் சில ஆண்டுகளிலேயே காணாமல் போனார். 2000ஆம் ஆண்டில் 199ஆவதாகத் தேர்வான டாம் பிரேடி ஏழு முறை வாகை சூடினார். 2022இல் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் தேர்வான புரோக் பர்டி, 2024 பிப்ரவரியில் இறுதியாட்டத்தில் ஓர் அணியை வழிநடத்தினார்.

அளவுகோல்கள் பயனற்றவை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. முன்வரிசையில் தேர்வானவர்களே பெரும்பாலும் நிலைக்கிறார்கள். ஆனால், எளிதில் அளக்கக்கூடியது ஒன்று, ஆட்டத்தில் தேவைப்படுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் கணிப்புகள் சறுக்குகின்றன.

2. பிறந்த மாதம் செய்யும் சூழ்ச்சி

என் தம்பி நவம்பரில் பிறந்தவன். பள்ளி விளையாட்டுகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டே பிரிக்கப்படுகிறது. ஆகவே 13 வயதில் அவன் தன்னைவிடப் பத்து மாதம் மூத்த ஜனவரிப் பிள்ளைகளோடு மோதினான். அந்த வயதில் பத்து மாதம் என்பது பல சென்டிமீட்டர் உயரம்.

கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985இல் இதைச் சுட்டிக்காட்டினார். பனிக்கட்டி ஹாக்கியின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோரே மிகுந்திருந்தனர். மூத்த பிள்ளை பெரியவனாகத் தெரிகிறான், தேர்வாகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான், பிறகு உண்மையிலேயே நல்ல விளையாட்டாளன் ஆகிறான்.

இதன் பாடம் என்ன? 13 வயதில் மாநிலத் தேர்வில் விடுபட்டதை 19 வயதில் குற்றமாக எண்ணக்கூடாது. இங்கிலாந்தின் ஜேமி வார்டி 16 வயதில் ஒரு குழுவால் கைவிடப்பட்டுக் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர். 2016இல் லெஸ்டர் சிட்டி அணியோடு அந்நாட்டின் உயர்நிலை லீக்கையே வென்றார். எனினும், ஒரு வார்டியைக் காட்டி ஆயிரம் பேரைத் தேற்றுவதும் தவறு. கைவிடப்பட்டு அப்படியே மறைந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆகவே அவர்களை நாம் எண்ணுவதே இல்லை.

3. மலையும் சமவெளியும்

“மலைக்காரப் பசங்களுக்கு மூச்சு அதிகம்” என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. ஆனால், உயரத்தில் தங்கி இரத்தத்தின் திறனைக் கூட்ட விரும்பும் ஓட்டக்காரர்கள் வழக்கமாக 2,000 மீட்டருக்கு மேலேதான் தங்குகிறார்கள். எங்கள் உயரம் தரும் ஆதாயம் சிறியது.

அது தரும் பாதகமோ பெரியது. காலையில் கம்பளிச் சட்டையோடு பள்ளிக்குப் போன பிள்ளை, 32 பாகை வெயிலில், ஈரம் கனக்கும் காற்றில் திடீரென்று 90 நிமிடம் ஓட முடியாது. உடல் வெப்பத்திற்குப் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வேண்டும். அந்த நாள்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. இதயத் துடிப்பு தணிகிறது.

இரண்டாண்டுகளுக்கு முன் தம்பி ஒரு தேர்வுப் பயிற்சிக்குப் போனான். விடியற்காலையில் பேருந்தேறி மலையிறங்கி, மதியம் திடலில் நின்றான். அரை மணியில் கால் துவண்டது. ‘உடல் உறுதி போதாது’ என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் அன்று அளந்தது அவன் திறமையை அன்று. அவன் வீட்டு வானிலையை!

4. தலை திரும்புகிறதா?

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? தம்பி நடுத்திடலில் ஆடுபவன். அமெரிக்கர்களின் குவார்ட்டர்பேக்கைப் போல் பந்தைப் பங்கிடுவது அவன் வேலை. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், பந்து வந்து சேர்வதற்கு முன் விளையாட்டாளர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று ஒளிப்பதிவுகளில் எண்ணினார். அடிக்கடி பார்ப்பவர்கள் அனுப்பும் பந்து கூடுதலாகச் சரியான காலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்பெயினின் ஸாவி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நான் திடலோரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்தேன். தம்பிக்குப் பந்து வரும்போதெல்லாம், அதற்கு முந்திய சில நொடிகளில் அவன் தலை திரும்பியதா என்று கோடு போட்டேன். முதல் பாதியில் கோடுகள் நிறைந்திருந்தன. அவன் பந்தைத் தொடும் முன்பே அடுத்த வேலையை அறிந்திருந்தான். இறுதி 20 நிமிடத்தில் கோடுகள் குறைந்தன; பந்தும் எதிரணியிடம் போனது. களைப்பு அவன் காலுக்கு முன் கண்ணைத்தான் பிடித்தது. சமவெளி வெயிலில் இது இன்னும் முன்னதாகவே நேரும் எனப் புரிந்துகொண்டேன்.

ஓர் எச்சரிக்கை: மூன்று ஆட்டங்களை வைத்து முடிவு கட்டக்கூடாது. மிக நன்றாக ஆடிய நாளில் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அடுத்த ஆட்டம் பெரும்பாலும் சற்றே கீழிறங்கும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பர். எதிரணி யார் என்பதையும் குறித்துக்கொள்வது அவசியம்.

5. ஏணியின் படிகள்

திறமை இருந்தாலும் ஏற ஏணி வேண்டும். நம் இனத்தவர் அதில் ஏறியதுண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ எனப் பெயர்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியாவுக்குப் பெற்றுத்தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால், அவ்வணியில் ஆடிய எஸ். குணாளன் ஆகியோரை நாம் அறிவோம்.

ஆனால் இன்று படிகள் குறைந்துவிட்டன. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்த அணி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் நுழைந்தது; 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. 2023 முதல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கும் இல்லாமல் போனது. 2013, 2014 ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற எங்கள் பகாங் மாநில அணியே 2025இல் லீக்கிலிருந்து விலகிவிட்டது. பல குழுக்களில் மாதக்கணக்கில் சம்பளம் நிலுவையில் இருந்ததும் நாடறிந்த செய்தி.

எனவே, ‘இவன் நன்றாக ஆடுவானா?’ என்பதோடு ‘ஆடினால் சம்பளம் வருமா?’ என்பதும் கேள்வியாகிறது.

6. அப்பாவுக்குச் சொன்ன பதில்

வள்ளுவர் ஒருவரை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதற்கென்றே ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். தேர்ந்தெடுப்பவருக்குச் சொன்னது அது. தேர்ந்தெடுக்கப்படுபவரும் தம்மைத் தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்?

அப்பாவிடம் இப்படிச் சொன்னேன்: “தேறுவான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுப்பா. தேறமாட்டான்னு சொல்லவும் ஆதாரம் இல்ல. போன தடவ அவன சரியா சோதிக்கல. ஒரு தடவ சரியா சோதிச்சுப் பாத்துடுவோம்.”

பிறகு நால்வரும் அமர்ந்து நான்கு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, படிப்பை விடுவதில்லை. ஒரே ஒரு பருவம் மட்டும் ஒத்திவைக்க விண்ணப்பம் செய்வது. இரண்டு, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே குவாந்தானில் சித்தப்பா வீட்டில் தங்கி வெயிலுக்குப் பழகுவது. மூன்று, ஒப்பந்தம் கிடைத்தால் சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ, காயம்பட்டால் மருத்துவச் செலவு ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். 2025இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்திற்கும் கீழே கையெழுத்திடுவதில்லை. நான்கு, ஒத்திவைத்த பருவம் முடியும்போது இடம் கிடைக்காவிட்டால் வகுப்புக்குத் திரும்புவது. அதன்பின் வீட்டில் யாரும் அதைக் குத்திக்காட்டுவதில்லை.

நான்காவது முடிவைச் சொன்னவர் அம்மா.

இதை எழுதும் இன்று தம்பி குவாந்தானில் பத்தாவது நாள். நேற்றிரவு தொலைபேசியில் பேசினான். “அக்கா, இன்னிக்கு முழு ஆட்டமும் நின்னுட்டேன். கடைசியிலயும் தலையத் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றான். தேர்வுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.