வகுப்புக்குள் நுழையும் முன்: ஓர் இளம் ஆலோசகருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டாய். மகிழ்ச்சி. பள்ளிகளுக்குப் போய் எச்.ஐ.வி. பற்றிப் பேச வேண்டும், என்ன பேசுவது அக்கா என்று கேட்டிருந்தாய். யாரிடம் பேசப் போகிறாய் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நீ நுழையும் ஒவ்வொரு வகுப்பிலும், பிறவியிலேயே எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள். சில வகுப்புகளில் உண்மையிலேயே இருக்கும். தினமும் தவறாமல் மாத்திரை போடும் பிள்ளை. எச்.ஐ.வி.க்கான மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளில் ‘வயிற்றுவலி’ என்று லீவு லெட்டர் எழுதும் பிள்ளை. பக்கத்தில் உட்காரும் தோழிக்குக்கூடத் தெரியாது. நீ மண்டை ஓட்டுப் படம் காட்டி ‘வந்தால் சாவுதான்’ என்று சொன்னால், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் மாத்திரையை என்ன செய்யும்?

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது சென்னையில்தான். 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்று கையில் மருந்து இல்லை. பயத்தைத் தவிர வேறு ஆயுதம் இல்லை என்று பலரும் நினைத்ததில் வியப்பில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்கத் தொடங்கியது. இன்று ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலவே படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அது இன்னொருவருக்குப் பரவாது. மருந்து மாறிவிட்டது; நம் பேச்சும் மாற வேண்டும்.

பரவும் வழிகளைச் சுற்றி வளைக்காமல் சொல். ஆணுறை இல்லாத உடலுறவு. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது. பரிசோதிக்காத இரத்தம். கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கு. அவ்வளவுதான். சிகிச்சை இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தாயிடமிருந்து தொற்றலாம்; தாய் மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும் என்பதையும் சேர்த்தே சொல். ‘தகாத உறவால் வரும்’ என்று மட்டும் சொல்லாதே. வைரஸுக்குத் தாலி தெரியாது. கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத எத்தனையோ பெண்கள் நம் மையங்களில் மருந்து வாங்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உன் எதிரில்தான் இருப்பார்கள்.

கேள்வி கேட்கச் சொன்னால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் துண்டுச்சீட்டு கொடு. கேள்வி இல்லாதவர் ஒரு திருக்குறளை எழுதட்டும். அப்போதுதான் எல்லோர் பேனாவும் ஓடும், எழுதியது யார் என்று தெரியாது. கொசு கடித்தால் வருமா என்று கட்டாயம் ஒரு சீட்டு இருக்கும். ‘வராது’ என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதே, காரணம் சொல். கொசு கடிக்கும்போது நம் உடம்புக்குள் விடுவது அதன் எச்சிலை, முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. உள்ளே போன வைரஸும் கொசுவின் வயிற்றில் செரித்து அழிந்துவிடும். காரணம் தெரிந்த பிள்ளை அதை வீட்டில் போய்ப் பாட்டிக்கும் சொல்லும். திருவிழாக் கடையில் பச்சை குத்துவது பற்றிக் கேட்டால், ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்குக் குத்தக் கூடாது, புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல் என்று விளக்கு.

பையன்கள் எழுதும் சீட்டுகளை நிதானமாகப் படி. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் நம் ஊர்களில் பதின்வயதுப் பிள்ளைகளிடமும் நுழைந்திருக்கிறது. ஒரே ஊசி கைமாறும்போது எச்.ஐ.வி. மட்டுமல்ல, மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும் கைமாறும். போலீஸ் பேச்சைப் பேசாமல், விடுபட வழி இருக்கிறது என்று சொல்.

உடலுறவைத் தள்ளிப்போடுவது நல்ல பாதுகாப்பு என்று சொல். ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, அதை மதிக்கும் கடமையும் உண்டு என்று சொல். அத்தோடு ஆணுறையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். காலாவதித் தேதி பார்க்க வேண்டும், பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் கெட்டுவிடும், உறையைப் பல்லால் கிழிக்கக் கூடாது, ஒருமுறைக்கு ஒன்றுதான். இது தெரிந்ததால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை.

பேசி முடித்தபின் தனியாக ஒரு பிள்ளை வரும். இங்கேதான் மிகக் கவனம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதே. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி நீ புகார் அளித்தே தீர வேண்டும். இந்த எல்லையைப் பிள்ளை வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடு. நம்பிச் சொன்னபின் சொன்னால் அது துரோகமாகப் படும். கொடுமை நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. 28 நாள் மருந்து தொற்றைத் தடுக்க உதவும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

சோதனை பற்றியும் தெளிவாகச் சொல். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும். தொற்றின் தொடக்க வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பயந்துபோன பிள்ளைக்கு அந்த மூன்று மாதம் நீண்டது. அந்தக் காலம் முழுக்க நீ போனை எடுக்க வேண்டும்.

கிளம்பும் முன் கரும்பலகையில் 1097 என்ற இலவச உதவி எண்ணையும், உன் மையத்தின் அறை எண்ணையும், திறந்திருக்கும் நேரத்தையும் எழுதிவிட்டு வா. உன் பேச்சு நன்றாக இருந்ததா என்பதைக் கைத்தட்டலை வைத்து எடைபோடாதே. பயந்த பிள்ளை மையத்துக்கு வர வேண்டும்; மாத்திரை சாப்பிடும் பிள்ளை அன்றிரவும் அதை விடாமல் சாப்பிட வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் உன் வேலை நடந்தது.

அன்புடன்,
அக்கா