நகையும் ஒளியும்

என் தமக்கை பித்தளைக் கம்பியில் கெம்புக் கற்கள் பதித்துத் தோடுகள் செய்கிறாள். நான் எடுத்த படத்தைப் பார்த்து வாங்கிய ஓர் அம்மையார், “படத்தில் ஆரஞ்சு, கையில் சிவப்பு” என்று தோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிழை என்னுடையதே. அதன் காரணத்தை ஆராய்ந்து அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, ஒளியின் நிறம். மஞ்சள் விளக்கின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 2700 கெல்வின். நண்பகல் ஒளியினுடையது ஏறத்தாழ 5500 கெல்வின். இரண்டும் கலந்தால் காமிரா நிறத்தைத் தவறாகக் காட்டும். ஆகவே விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தில் மட்டுமே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பளபளப்பு. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்திருக்கிறோம். மெருகிட்ட உலோகமும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்றதே. எதிரே உள்ளதைத்தான் காட்டும். நேர்வெயில் பட்டால் கண்கூசும் வெண்புள்ளி. இருண்ட சுவர் எதிரே இருந்தால் கருமை. சன்னலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, தோட்டின் மறுபுறம் வெள்ளை அட்டையை நிறுத்தினேன். புள்ளியும் கருமையும் மறைந்தன. பித்தளை தன் நிறம் காட்டியது.

மூன்றாவது, அசைவு. நெருங்கி எடுக்கும்போது சிறு நடுக்கமும் படத்தைக் கலங்கச் செய்யும். கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து, பொத்தானை அழுத்தி 2 விநாடி கழித்துப் படம் விழுமாறு அமைத்தேன். அருகில் அளவுகோல் வைத்து மற்றொரு படம் எடுத்தால் நகையின் அளவும் விளங்கும்.

இப்பொழுது தோட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அனுப்புகிறேன். நகைக்கு அழகு சேர்ப்பது செய்பவர் கை. உள்ளதை உள்ளபடி காட்டுவது படம் எடுப்பவர் கடமை.