ஒவ்வா உணவும் ஒவ்வும் உணவும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் அணித்தே அமைந்தது வல்லக்கோட்டை. முருகன் திருக்கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்து இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. அவற்றிற் பணிபுரிய வடமாநிலங்களினின்றும் இளைஞர் பலர் வந்து தங்கியுள்ளனர். அவர் பொருட்டுச் சப்பாத்தியும், நம்மவர் பொருட்டுத் தோசையும், இருவர் பொருட்டும் பரோட்டாவும் ஒரே கல்லில் வேகும் கடைகளைச் சாலையோரத்திற் காணலாம். பலர்க்கு இனிய காட்சி இது. சிலர்க்கோ அக்கல்லே பகையாம்.

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களிற் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிசைந்த மாவு அறுபடாது நீளுவதும், பரோட்டாவை வீச முடிவதும் இதனாலேயே. சீலியாக் நோயுடையார் இதனை உண்பின், அவர்தம் உடலின் காப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரிலுள்ள உறிஞ்சிகளைச் சிதைக்கும். உண்டது உடம்பிற் சேராது. குழந்தையாயின் வயிறு உப்பி, மெலிந்து, வளர்ச்சி குன்றும். குளூட்டனை அறவே நீக்கிய உணவே இதற்கு மருந்து.

ஒவ்வாமை என்பது வேறு. ஒவ்வுதலாவது பொருந்துதல், பொருந்தாமையே ஒவ்வாமை. நல்ல தமிழ்ச் சொல்! நிலக்கடலை ஒவ்வாதார் சிலர்க்கு அதன் சிறுதுணுக்கும் மூச்சை அடைத்து உயிர்க்கு இறுதி விளைக்கும்.

சீலியாக் நோய்க்குக் கோதுமையே காரணம் என்று தெளிவித்தவர் ஆலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அந்நாட்டிற் கொடிய பஞ்சம் நேர்ந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாட, இந்நோயுற்ற குழந்தைகளோ தேறினர். ரொட்டி மீண்டும் வந்தபோது மீண்டும் நலிந்தனர். முன்னரே கோதுமைமேல் ஐயங்கொண்டிருந்த டிக்கே, தம் ஆய்வுகளை 1950இல் நூலாக்கி வெளியிட்டார்.

குளூட்டன் இன்றி ரொட்டி சுடுதல் எளிதன்று. அரிசிமாவு புளிப்பினால் எழும் காற்றைத் தாங்காமல் அமுங்கிவிடும். ஆதலின் அடுமனையார் இசப்புகோல் உமி முதலியவற்றைச் சேர்ப்பர். நம் இட்டலியில் அப்பணியைச் செய்வது உளுந்து. அதன் வழவழப்பே காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. அரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் கலந்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் அவிக்கும் காஞ்சிபுரத்து இட்டலியிற் கோதுமை சிறிதும் இல்லை. பெயர் வையாமலே இத்தகைய உணவை நம்மவர் நெடுங்காலமாய் உண்டுவருகின்றனர்.

ஆயினும், அரிசிச் சோறு என்றவுடன் அச்சம் தீர்ந்ததெனக் கொள்ளற்க. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது சாம்பாரிற் புகும்; ரசத்திலும் புகும். ரவா தோசையின் ரவையும் கோதுமையே. இட்டலியை ஆய்ந்தவர் சாம்பாரை ஆய்வதில்லை. இடர் பெரும்பாலும் அவ்வழியே நுழைகிறது.

குளூட்டன் அற்றது எனப் பெயரிட்டு விற்கும் பண்டத்தில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அப்புரதம் இருத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. கோதுமை மாவு பறக்கும் அறையில் இவ்வளவைக் காத்தல் அரிது. ஆகவே இத்தகைய அடுமனைக்குத் தனி அறையும், தனிச் சல்லடையும், தனித் தட்டுகளும் வேண்டும். வெளியூர் சென்று உண்ணும் நோயாளி, “இது கோதுமையா?” என்று வினவுதல் போதாது. “கல் எது? கரண்டி எது? எண்ணெயிற் பூரி பொரித்தீரா? பெருங்காய டப்பாவைக் காட்டுவீரா?” என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்குச் சினவாமல் டப்பாவை எடுத்துக் காட்டும் கடைக்காரரிடம் அவர் அமர்ந்து உண்ணலாம்.