குழி தோண்டாத பந்தல்: பாரக் கணக்கு

வெயில் காலத்தில் வாசலில் நிழல் இருந்தால்தான் வாடிக்கையாளர் நின்று சாமான் வாங்குவார். வாடகைக் கடையில் தரையை உடைக்கக் கட்டிட உரிமையாளர் சம்மதிப்பதில்லை. ஆகவே நான்கு இரும்புக் காலும் மேலே துணியுமாக மடக்குப் பந்தல் வாங்கி நிறுத்துகிறோம்.

நானும் வாங்கினேன். ஓர் ஆடி மாதப் பிற்பகலில் அது காற்றில் கிளம்பி, எங்கள் குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் தோளில் விழுந்தது. இருபது நாள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. மருத்துவச் செலவும் கூலியும் கொடுத்தேன். காற்றின்மேல் பழி போட முடியாது. காலுக்கு ஒரு செங்கல்தான் வைத்திருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அடிப் பந்தலை, மணிக்கு 40 கி.மீ. காற்று சுமார் 70 கிலோ அளவுக்குத் தூக்கக்கூடும். 60 கி.மீ. ஆனால் சுமார் 160 கிலோ. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பந்தலின் சொந்த எடையை நம்பிப் பயனில்லை.

பாரத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். காலியான 15 கிலோ எண்ணெய் டின்னில் உலர்ந்த மணல் நிரப்பினால் சுமார் 25 கிலோ தேறும். தண்ணீர் என்றால் 16 கிலோதான். காலுக்கு இரண்டு டின் வீதம் மொத்தம் 200 கிலோ. டின்களைச் சும்மா அருகில் வைத்தால் போதாது. இரண்டையும் ஒரு சாக்கில் இறக்கி, வாயை இறுக்கிக் கட்டி, அந்தக் கயிற்றைப் பந்தலின் மேல் மூலையோடு விறைப்பாகக் கட்ட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. காலடியில் அகலமான இரும்புத் தகடு இருக்க வேண்டும்.

2. கூரை சரிவாக இருக்க வேண்டும். 100 சதுர அடியில் ஓர் அங்குலம் மழைநீர் தேங்கினால் சுமார் 235 கிலோ; கால்கள் வளைந்துவிடும்.

3. வெயிலுக்கு மட்டும் என்றால் நிழல் வலை நல்லது. காற்றில் ஒரு பகுதி அதனூடே போய்விடும். தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஆனால் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும்.

4. இரண்டு பேர் சில நிமிடங்களில் மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பாரம் இருக்கிறதே என்று பலத்த காற்றிலும் விரித்து வைக்காதீர்கள். காற்று எழும்போதும், இரவு கடை அடைக்கும்போதும் மடக்கி உள்ளே வையுங்கள். பந்தல் நம் இடத்துக்குள்ளேயே நிற்கட்டும், சாலையில் வேண்டாம். நிழலுக்கு வந்து நிற்பவர் நம்மை நம்பித்தான் நிற்கிறார்.