பெயிண்டுக்கு அடியில் பார்

திருப்பதி
சித்திரை 20

அன்புள்ள மருமகனுக்கு,

  

நேற்றுச் சித்தூரிலிருந்து உன் மாமனார் போன் செய்தார். நீயும் கூட்டாளிகள் இரண்டு பேரும் காசிமேட்டில் ஒரு பழைய விசைப்படகைப் பேசி வைத்திருக்கிறீர்களாம். உன் பங்குக்கு மாந்தோட்டத்தை அடமானம் வைத்துத் தரக் கேட்டிருக்கிறாய் என்றார். போன வருஷம் பெங்களூரா மாங்காய் விலை விழுந்ததில் நொந்து போயிருக்கிற மனுஷர். ஆனாலும் தருவதாகச் சொல்லிவிட்டார். "இருபது வருஷம் கடலில் கிடந்த பிள்ளை, அவனுக்குத் தெரியாததா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உனக்குக் கடல் தெரியும். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அலை எப்போது மடங்கும், எப்போது விடும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நீ இத்தனை நாள் ஓட்டியது பைபர் படகு. பழுது வந்தால் நாலு பேர் சேர்ந்து மணலில் ஏற்றிவிடலாம், இன்ஜினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் நடக்கலாம். ஐம்பது அடிக்கு மேல் நீளமுள்ள மரப்படகு அப்படியல்ல. கடல் தெரிந்தவர்கள்தான் பழைய படகில் அதிகம் ஏமாறுகிறார்கள். நானும் அப்படி ஏமாந்தவன்தான், உன் அம்மாவுக்குத் தெரியும்.

கப்பல் வேலையை விட்டு வந்த கையோடு மூன்று பேர் சேர்ந்து ஒரு படகு வாங்கினோம். புது பெயிண்ட், புதுக் கயிறு, அணியத்தில் மாலை. அடிப்பலகையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழாவது பயணத்தில், துகராஜப்பட்டினத்துக்கு வெளியே ஆர்மகான் திட்டைச் சுற்றி வரும்போது, கீழே தண்ணீர் ஏறுவதைப் பையன் ஒருவன் கண்டான். பம்பை நிறுத்தாமல் ஓட்டி, கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் நின்றோம். விடிந்த பிறகு இன்னொரு படகு வந்து இழுத்துப் போனது. உயிர் போகவில்லை. கரையேற்றிப் பார்த்தால் பைபர் பூச்சுக்கு உள்ளே மரம் நனைந்த ரொட்டி மாதிரி இருந்தது.

ஏன் அப்படி ஆகிறது என்பதைத் தெரிந்துகொள். மரத்தின் மேல் பைபர் போர்த்தினால் கடல்புழு துளைக்காது, அதுவரை நல்லதுதான். ஆனால் ஓர் ஆணி இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழியில்லை. மரம் காயவே காயாது. அதிலும் கடல் தண்ணீரைவிட மேல்தளத்தில் ஒழுகும் மழைத் தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் அழுக வைக்கும். அதனால் அடியைப் பார்த்ததோடு விட்டுவிடாதே. வீல்ஹவுஸ் மூலை, ஐஸ் அறையின் பக்கச்சுவர், விஞ்சு நிற்கும் இடத்துக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் தவழ்ந்து போய்ப் பார். சின்னச் சுத்தியலால் சாணுக்கு ஒரு தட்டு தட்டு. நல்ல மரம் கணீரென்னும். கெட்டது தொப்பென்னும். அந்தச் சத்தம் வரும் இடத்தில் பூச்சைச் சுரண்டிக் கூர்க்கம்பியால் குத்திப் பார்க்க உடையவர் சம்மதிக்காவிட்டால் அந்தப் படகு வேண்டாம்.

இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகைக் கரையேற்றி வேலை செய்யும் காலமும் இதுதான். அடியைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் விற்கிறவருக்கும் அது தெரியும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதியதை அடிப்பதற்கு முன்னால் போய் நில்.

இன்ஜின் விஷயம். காலையில் சொல்லாமல் போ. முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன் யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினை முதல் சாவியில் கிளப்பச் சொல். கரும்புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப்புகை என்றால் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப்புகை போகவே இல்லை என்றால் உள்ளே தண்ணீர் போகிறதா பார். அளவுக்கம்பியை உருவு, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் பேச்சையே நிறுத்திவிடு. பெரிய இன்ஜின் என்று பெருமை பேசுவார்கள். தமிழ்நாட்டு விதி 240 குதிரைத்திறனுக்கு மேல் விடாது. நீர்மட்டத்தில் 49 அடி நீளமுள்ள கனத்த படகு மணிக்குச் சுமார் 9 கடல்மைலுக்கு மேல் ஓடாது. அதற்கு மேல் எவ்வளவு முடுக்கினாலும் அலைதான் பெரிதாகும், டீசல்தான் போகும்.

கப்பலில் இருந்தபோது வெளிநாட்டுத் துறைகளில் பார்த்திருக்கிறேன். காலமெல்லாம் பாய்மரப் படகில் சுற்றியவர்கள் வயதானதும் டிராலர் வடிவில் கட்டிய பழைய இன்ஜின் படகு வாங்குவார்கள். கிராண்ட் பேங்க்ஸ் என்று ஹாங்காங்கில் 1960-களில் கட்டத் தொடங்கிய படகுக்கு அவர்களிடம் நல்ல மதிப்பு. அவ்வளவு அனுபவம் இருந்தும், பணம் கொடுக்கும் முன் சர்வேயர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டி வந்து படகை முழுக்கச் சோதிப்பார்கள். நீயும் இந்த விற்பனையில் கமிஷன் இல்லாத, படகு கட்டும் ஓடாவி ஒருவரைக் கூட்டிப் போ. அந்தக் கூலி வீண் இல்லை.

காகிதங்களில் பதிவுப் புத்தகமும் வங்கிக் கடனும் மட்டும் பார்த்தால் போதாது. உடையவர் மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், கடன் தீரும் வரை மீன் அவர் கைக்குத்தான் போகும். அது காகிதத்தில் இருக்காது, கரையில் விசாரித்தால்தான் தெரியும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. இந்தப் படகு பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குள் வராது, காசிமேட்டில்தான் கட்ட வேண்டும். அங்கிருந்து வடக்கே வந்தால் ஆந்திரக் கடல். கரையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். தமிழ்நாட்டுப் படகுகளை நெல்லூர்க்காரர்கள் எத்தனை முறை சிறைபிடித்தார்கள் என்று உனக்குத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கமே போகாதே. சட்டத்தை விடு. பழவேற்காட்டு ஏரியில் வளர்ந்த இறால்தான் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வருகிறது. அதைக் கரையோரம் மடி போட்டு வாரினால் ஏரியில் பாடு முறைப்படி வலை போடத் தன் நாளுக்குக் காத்திருக்கும் உன் சித்தப்பாவின் சோற்றில் நீயே கை வைத்தது ஆகும். ஆழத்துக்குப் போ. போக முடியாத படகென்றால் வாங்காதே.

பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் படகில் போடாமல் கையில் வை. முதல் வருஷப் பழுது அதைக் கேட்கும். அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடு. ஜூன் 15-க்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் கடலில் வலை இழுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடு. அந்த நாளுக்கு நானும் வருகிறேன், அத்தை திட்டினாலும் சரி. ரயில் பிடித்து வந்துவிடுவேன். அதுவரை தோட்டத்துப் பத்திரத்தை மாமனார் பெட்டியிலேயே இருக்க விடு.

உன் மாமா