அக்கி: நரம்பில் தொடங்கித் தோலில் தெரியும் நோய்

தோட்டம் கொத்தும் ஒருவருக்கு வலது விலாவில் எரிவு. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் பூசுகிறார். மூன்றாம் நாள் அதே இடத்தில், முதுகிலிருந்து நெஞ்சுவரை பட்டிபோலச் சிவந்து, நீர்க்கொப்புளங்கள் கொத்துக்கொத்தாகக் கிளம்புகின்றன. அப்போதுதான் வீட்டார் "அக்கி" என்கிறார்கள். நம்மில் பலர் இதைத் தோல் நோய் என்றே கருதுகிறோம். எனினும் நோய் தொடங்கும் இடம் நரம்பு.

இந்த வைரசு புதிதாக வந்ததன்று. முன்னர் கொப்புளிப்பான் வந்தபோது உடலில் புகுந்த அதே வைரசுதான். கொப்புளங்கள் காய்ந்த பின்னும் அது உடலைவிட்டு நீங்குவதில்லை. உணர்ச்சி நரம்புகளின் வழியே ஏறி, முண்ணாணின் இருபுறமும் உள்ள நரம்புத் திரட்டுகளில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். முதுமையாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டீரொயிட் மருந்துகள் போன்றவற்றாலோ உடலின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துப் பெருகி, வந்த வழியே தோலுக்கு இறங்கும். இறங்கும் வழியில் நரம்பை அழற்சிக்குள்ளாக்குவதால்தான் கொப்புளத்துக்கு முன்பே வலி வருகிறது.

இங்கிலாந்தின் சிரென்செஸ்டர் என்ற சிறுநகரில் எட்கர் ஹோப்-சிம்சன் என்ற குடும்ப வைத்தியர், தம்மிடம் வந்த அக்கி நோயாளரைப் பதினாறு ஆண்டுகள் ஒவ்வொருவராகக் குறித்துவைத்து, வைரசு உறங்கி விழிக்கும் இவ்விளக்கத்தை 1965இல் வெளியிட்டார். ஊர் வைத்தியர் ஒருவரின் பதிவேட்டிலிருந்து பிறந்த அறிவு இது என்பதை நாம் மனதிற் கொள்வது நல்லது.

ஒவ்வொரு திரட்டும் உடலின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டியின் உணர்ச்சியையே கவனிக்கிறது. ஆகவே அக்கி பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. "உடலைச் சுற்றி வளைத்தால் உயிருக்கு ஆபத்து" என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

அஞ்சவேண்டியது வேறொன்று. புண் ஆறிய பின்னும் சிலருக்கு வலி மாறுவதில்லை. சேதமடைந்த நரம்பு, காரணமின்றியே வலிச்செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும். சட்டை உரசினாலும் காற்றுப் பட்டாலும் நெருப்புச் சுட்டதுபோலிருக்கும். மூன்று மாதங்களுக்கு மேல், சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் இது நீடிக்கலாம். வயது கூடியவர்களுக்கே இவ்வாபத்து அதிகம். புண்ணின் தழும்பைப் பார்த்து "மாறிவிட்டதே, இன்னும் ஏன் முனகுகிறீர்கள்?" என்று கிழவர்களைக் கடிந்துகொள்ளும் வீடுகள் உண்டு. அவர்கள் நடிக்கவில்லை. சாதாரண வலி மாத்திரைகள் இவ்வலிக்கு அதிகம் உதவா. நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் தமிழரிடையே பழையது. நாம் அதை ஏளனம் செய்யவில்லை. ஆனால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமாகவே ஆறும். பெயர் காவிக்குப் போய்விடுகிறது. இதற்குள் நழுவிப்போவது காலம். அசைக்குளோவிர் போன்ற வைரசு எதிர்ப்பு மருந்துகளை, கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் பயன் அதிகம். சிறுநீரக நோயுள்ளவர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். மருந்தின் அளவைக் குறைக்க நேரிடும்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கண்ணின் நரம்பும் பாதிக்கப்பட்டுப் பார்வை கெடலாம். காதில் கொப்புளத்துடன் முகம் ஒரு பக்கம் கோணினாலும் அப்படியே.

அக்கி உள்ளவரிடமிருந்து பிறருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புளிப்பான் வராதவருக்கு, கொப்புள நீரிலிருந்து கொப்புளிப்பான் தொற்றலாம். நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களிலும் அந்நோய் வராதவர் பலர் இருக்கிறார்கள். ஆகையால் பொருக்குத் தட்டும்வரை புண்ணைச் சுத்தமான துணியால் மூடிவைத்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வோம்.